பணம் வரவில்லை என்று சொன்னவள்

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் நான் தனியாகத்தான் இருப்பேன். பன்னிரண்டேகால் ஆனதும் என் கணவர் முகம் கழுவி, தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் திரும்ப ஒன்றேகால், ஒன்றரை ஆகும். அந்த நேரத்தில் எல்லையோரத்துக் கேரள ஊரான எங்கள் கொல்லங்கோட்டுக் கடைவீதியில் பாதிக் கடைகளில் ஷட்டர் அரைவாசி இறங்கியிருக்கும். எங்கள் கடையில் நான் இருப்பதால் இறக்குவதில்லை.

எங்களுடையது சின்னத் துணிக்கடை. வேட்டி, லுங்கி, துண்டு, பெட்ஷீட், நைட்டித் துணி, இவ்வளவுதான். கல்யாணப் புடவை எடுப்பவர்கள் பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாசி மாதத்து வெயிலில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் படியேறி வந்தார்கள். கணவன் மனைவி. இரண்டு பேருக்கும் அறுபத்தைந்து வயதாவது இருக்கும். அவர் ஒல்லியாக, உயரமாக, நரைத்த தாடியோடு இருந்தார். அந்த அம்மா குள்ளம். ஓலைத் தொப்பி போட்டிருந்தார், மூக்கு வெயிலில் சிவந்து தோலுரிந்திருந்தது. சில வருடங்களாக எங்கள் ஊரைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். யாரோ எடுத்த வீடியோவில் எங்கள் வயல்களும் பின்னால் நெல்லியாம்பதி மலையும் நன்றாகத் தெரிந்துவிட்டதாம். சனி, ஞாயிறு என்றால் கார்கள் வரிசை கட்டும். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நிறுத்தியவள். இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வரும். அவர்களுக்கும் அது சொந்த மொழி இல்லை. இத்தாலிக்காரர்கள். அதனால் இரண்டு பக்கமும் கூச்சமில்லாமல் பேச முடிந்தது. மூன்று நாள் வயலோரத்து வீடொன்றில் தங்கியிருந்தார்களாம். ஒரு மணி பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போகிறார்கள். தங்கிய வீட்டில் கொடுத்த தோர்த்து அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. மெல்லிய துண்டுதான், ஆனால் ஒரு நொடியில் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, பத்து நிமிஷத்தில் காய்ந்தும்விடுகிறது என்று எனக்கே விளக்கினார். நான் எடுத்துப் போட்ட தோர்த்துகளைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துப் பத்து எடுத்தார். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. கணவர் கசவு என்கிற தங்கச் சரிகைக் கரை போட்ட இரட்டை வேட்டி இரண்டு எடுத்தார். எப்படிக் கட்டுவது என்று கேட்டார். பேன்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொள்ளச் சொல்லி நான் வாயால் சொல்ல, அவர் கட்ட, அது அவிழ, நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

பஸ்ஸில் இடம் பிடிக்க அந்த அம்மா இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு முன்னால் போனார். அவர் பணம் கொடுக்க நின்றார்.

நோட்டை எடுப்பார் என்று நினைத்தேன். போனை எடுத்தார்.

"உங்களுக்கும் இது உண்டா?" என்று கேட்டேன். இங்கே பாங்கில் கணக்கு இருந்தால்தான் ஸ்கேன் செய்து கட்ட முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அவர் உற்சாகமாகச் சொன்னார். ஒரு மாதம் முன்னால் கொச்சி விமான நிலையத்தில் ஒரு கவுன்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டினார்களாம். போனில் ஒரு வாலட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தன் ஊர் கார்டிலிருந்து அதில் ரூபாயாக ஏற்றிக்கொண்டார். ரகசிய எண் ஒன்று வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இளநீரிலிருந்து ஆட்டோ ஸ்டாண்ட் பக்கத்து இட்லிக் கடை வரை எல்லாம் ஸ்கேன்தான். மிச்சம் இருப்பது ஊருக்குத் திரும்பும்போது கார்டுக்கே போய்விடுமாம். "பத்து வருடம் முன்னால் வந்தபோது சில்லறைக்கு அலைந்தோம். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கண்டால் டீக்கடைக்காரர் திட்டுவார்," என்றார்.

நான் என் போனில் இருந்த க்யூஆர் கோடைக் காட்டினேன். மேஜையில் கைக்கு எட்டுகிற இடத்தில் அதுதான் இருந்தது. அவர் ஸ்கேன் செய்தார். போகவில்லை. மறுபடி செய்தார். போகவில்லை.

"இது உங்கள் சொந்தக் கணக்கு. என் வாலட்டிலிருந்து ஆளுக்கு அனுப்ப முடியாது, கடைக்கு மட்டும்தான் கட்டலாம்," என்றார்.

அப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. அது உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நிமிடத்தில் என் மனதுக்குள் ஏதோ லேசாக இடறியது. ஸ்கேன் என்றால் ஸ்கேன்தானே, அதில் ஆள் என்ன, கடை என்ன?

சுவரில் ஒட்டியிருந்த கடையின் க்யூஆர் கோடைக் கை காட்டினேன். அது என் கணவர் பெயரில் கடைக்காக எடுத்தது. பணம் வந்தால் மெசேஜ் அவர் போனுக்குப் போகும். கடையில் இருப்பவர்களுக்குத் தெரிய, பணம் வந்ததும் மலையாளத்தில் சத்தமாகச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி அலமாரியில் இருக்கிறது. அவர் ஸ்கேன் செய்தார், எண்ணைப் போட்டார், போனை என் பக்கம் திருப்பினார். பச்சை வட்டத்துக்குள் டிக். கடையின் பெயர், தொகை, எல்லாம் சரியாக இருந்தது.

பெட்டி பேசவில்லை.

நான் காத்திருந்தேன். சில நேரம் தாமதமாகும். ரோட்டில் ஒரு பஸ், பிறகு ஒரு டிராக்டர், பிறகு இன்னொரு பஸ் போனது. பெட்டி பேசவில்லை.

இங்கே எங்கள் பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கிழக்கே தோட்டம் துரவு உள்ள விவசாயக் குடும்பம். என்னைக் கூடப்பிறந்தவள் போல 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். அதற்கு முந்தின மாதம் காரில் வந்த நாலு பேர் அவரிடம் ஏழெட்டு டப்பா பெயின்ட் வாங்கி, போனில் டிக்கைக் காட்டிவிட்டுப் போனார்கள். பணம் வரவேயில்லை. டிக் மட்டும் காட்டுகிற போலி ஆப் இருக்கிறது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து கடைவீதியில் எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: டிக்கைப் பார்க்காதீங்க, பெட்டி பேசுதான்னு கேளுங்க.

என் கணவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொழுகையில் போன் சட்டைப் பையில் சத்தமில்லாமல் கிடக்கும் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். நாலு தடவை.

"ஐந்து நிமிஷம்," என்றேன் இத்தாலிக்காரரிடம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ். என் மனைவி பஸ்ஸில் இருக்கிறாள்."

நான் கடையின் முன்பக்கம் போய், "அண்ணா, கொஞ்சம் வாங்களேன்," என்று பக்கத்துக் கடையைப் பார்த்துக் கூப்பிட்டேன். யாரும் என்னைக் கேட்காமல் வந்துவிடவில்லை. கூப்பிட்டது நான்தான்.

அவர் வந்தார். அவர் கடையில் பைப் வாங்க வந்திருந்த ஒரு ஆளும் கூட வந்து, வரும்போதே போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

"ஏனுங் அம்மிணி, காசு வந்துச்சா?"

"வரலீங்கண்ணா," என்றேன்.

அந்த ஒரு சொல்தான். "தெரியலீங்கண்ணா" என்று சொல்லியிருக்கலாம். பெட்டி பேசலை, என் கணவரும் போனை எடுக்கலை, அதனால் தெரியலை. அதுதானே உண்மை.

பக்கத்துக் கடைக்காரர் படியில் குறுக்கே நின்றுகொண்டார். "நோ மணி. நோ கோ," என்றார். இத்தாலிக்காரர் போனை நீட்டினார். அண்ணன் அதைப் புறங்கையால் தள்ளினார். "இந்த டிக்கெல்லாம் நாங்க நெறையப் பாத்தாச்சு சாமி. வேற எங்கியாச்சும் போய்க் காட்டு."

ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கடைக்குள் காற்றில்லாமல் போன மாதிரி இருந்தது. இத்தாலிக்காரர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மேடம், என்னிடமிருந்து பணம் போய்விட்டது. உங்களிடம்தான் வந்திருக்கிறது. தயவுசெய்து பாருங்கள்."

நான் அலமாரியில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கணவர் கூப்பிடுவார் என்று.

பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து நீளமாக ஹாரன் கேட்டது. அவர் துணிப்பையை மேஜைமேல் வைத்தார். எதுவும் எடுக்கவில்லை என்று காட்டுகிற மாதிரி இரண்டு கைகளையும் உயர்த்தினார். அண்ணனின் பக்கவாட்டில் நுழைந்து படியிறங்கினார். யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பட்டன் ஒன்று தெறித்து விழுந்தது. அவர் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அந்த வயதில், அந்த வெயிலில், நடுரோட்டில் ஓடினார்.

"விடுங்கப்பா, சாமானத்த வெச்சுட்டுத்தானே போறான்," என்றார் அண்ணன். பிறகு என்னிடம், "பாத்தீங்களா? உண்மையா இருந்தா எதுக்குங்க ஓடறான்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. நஷ்டமாகாமல் தப்பித்தோம் என்று தண்ணீர் குடித்தேன். சிதறிக் கிடந்த தோர்த்துகளை மடித்தேன்.

ஒன்றேகாலுக்கு என் கணவர் கூப்பிட்டார். "என்ன, இத்தனை மிஸ்டு கால்? உடம்புக்கு ஏதாச்சுமா?"

"கடைக்குக் காசு ஏதாச்சும் வந்திருக்கான்னு பாருங்க."

அவர் பார்த்தார். "வந்திருக்கே. பன்னெண்டு அம்பதுக்கு. ஏதோ வெளிநாட்டுப் பேரு மாதிரி இருக்கு. யாரது?"

நான் அலமாரியிடம் போனேன். பெட்ஷீட் அடுக்குக்குப் பின்னால் தள்ளியிருந்த பெட்டியை வெளியே எடுத்தேன். அதில் விளக்கே எரியவில்லை. காலையில் என் போனுக்குச் சார்ஜ் போட அதன் வயரைப் பிடுங்கியது நினைவுக்கு வந்தது. திரும்ப மாட்டவில்லை. பெட்டி செத்துக் கிடந்திருக்கிறது.

பக்கத்துக் கடைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் உடனே போனைத் தேடி எடுத்தார்.

"ஐயோ, நான் குரூப்புல போட்டுட்டனுங்களே."

வியாபாரிகள் குரூப். கொல்லங்கோட்டிலிருந்து முதலமடை, கோவிந்தாபுரம் வரை தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கடைக்காரர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பைப் வாங்க வந்த ஆள் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். என் முகம் தெரியவில்லை. கையும் வளையலும் தெரிந்தன. "வரலீங்கண்ணா" என்பது கணீரென்று கேட்டது. இத்தாலிக்காரரின் முகம் முழுதாகத் தெரிந்தது. கீழே அண்ணன் எழுதியிருந்தார்: போலி பேமென்ட், பொள்ளாச்சி பஸ்ஸில் போகிறார்கள், கோவிந்தாபுரம் கடைக்காரர்கள் ஜாக்கிரதை.

அழிக்கச் சொன்னேன். அழித்தார். அதற்குள் எத்தனை பேர் எடுத்து எங்கெங்கே அனுப்பினார்களோ? 'பணம் வந்துவிட்டது, தவறுதலாகச் சொன்னது' என்று எழுதிப் போட்டார். அதை யாரும் பார்ப்பதற்குள் அதன்மேல் பத்து மெசேஜ் வந்து விழுந்தது. கடைசியாக ஒரு போட்டோ. ஒரு பேக்கரி முன்னால் பெஞ்சில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் கால்கள். 'பஸ்ஸிலிருந்து எறக்கிப் புடிச்சாச்சு' என்று கீழே எழுதியிருந்தது.

அண்ணன் கோவிந்தாபுரத்தில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரே கூச்சல். "போலீஸ் வரட்டுங்க, பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் என் கணவர் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். "நீ கடையைப் பாரு. நான் போயிட்டு வர்றேன்."

"வேணாங்க. நான்தான் போகணும். அதுல இருக்கறது என் குரல்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சாவியை என் கையில் கொடுத்தார். "சரி, நீ போ. நான் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொல்றேன். காசு வந்த மெசேஜ உனக்கு அனுப்பி வைக்கிறேன். மெதுவாப் போ."

துணிப்பையை ஸ்கூட்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மெதுவாகப் போகவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முந்தானையை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. முதலமடை தாண்டியதும் இருபுறமும் மாந்தோப்பு. பிஞ்சுக்கு மருந்தடித்த வாடையில் தொண்டை கமறியது. ஒரு வைக்கோல் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் போனது. ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது, அது ஒதுங்கவில்லை. வதந்தி வீடியோவை நம்பி முன்பின் தெரியாதவர்களை அடித்த செய்திகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவர்கள் மேல் ஒரு அடி விழுந்தால் என்று நினைக்க ஆரம்பித்து, நினைப்பை நிறுத்த முடியாமல் அல்லாஹ் அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். லாரி ஒரு வளைவில் கொஞ்சம் இடம் விட்டபோது எதிரே பார்க்காமல் நுழைந்தேன்.

கோவிந்தாபுரத்தில் பேக்கரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ரோட்டை மறித்துக்கொண்டு கூட்டம் நின்றது. பஸ் போய்விட்டிருந்தது. பைகள் தரையில் கிடந்தன. ஒரு பையின் ஜிப்பைத் திறந்து யாரோ துழாவியிருந்தார்கள். அந்த அம்மா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டும் விடவில்லை என்று பிறகு தெரிந்தது. இத்தாலிக்காரரின் போன் பனியன் போட்ட ஒரு ஆளின் கையில் இருந்தது.

"உடுங்க, வழி உடுங்க," என்று உள்ளே நுழைந்தேன். "காசு வந்துருச்சு. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்களுது."

"நீங்க ஆருங்க?" என்றார் பனியன்காரர்.

"துணிக்கடைக்காரி. அந்த வீடியோவில வரலைன்னு சொன்னது நான்தான்."

"அந்தம்மா வேற யாரோ. வெள்ளைக்காரங்ககிட்டக் காசு வாங்கிட்டு இவங்க வந்து சொல்றாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வீடியோவப் போடுங்க," என்றேன். ஒருவர் போட்டார். "வரலீங்கண்ணா" என்று போன் சொன்னது. அதே மாதிரி நானும் சத்தமாகச் சொன்னேன். வளையல் கையைத் தூக்கிக் காட்டினேன். வாழ்க்கையில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

என் கணவர் அனுப்பியிருந்த மெசேஜின் படத்தை எடுத்துக் காட்டினேன். பனியன்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்க்ரீன்ஷாட்டுங்களா? இத நம்பித்தானுங்க எல்லாரும் ஏமாந்தது."

ஒரு மணி நேரம் முன்னால் நானே அப்படித்தானே சொல்லியிருப்பேன். சுற்றிலும் பார்த்தபோது பேக்கரிக் கல்லாவில் அதே மாதிரிப் பெட்டி ஒன்று பச்சை விளக்கு மின்ன இருப்பதைப் பார்த்தேன்.

"அந்தப் போன அவர்கிட்டக் குடுங்க," என்றேன். "இந்தக் கடையில ரெண்டு டீக்கு இப்பக் கட்டச் சொல்றேன். உங்க பெட்டி பேசுனா நம்புவீங்கல்ல?"

பேக்கரிக்காரர் வயதானவர். அதுவரை வாயே திறக்காதவர், "அது சரிதானுங்க. குடு கண்ணு போன," என்றார்.

நான் இத்தாலிக்காரர் முன்னால் குனிந்து இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கடையில் வேட்டி கட்டிய மனிதர் இல்லை. ஆனாலும் போனை வாங்கினார். கல்லாவில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடுக்கு நேரே பிடித்தார். போன் இரண்டு தடவை நழுவியது. தொகையைப் போட்டார். ரகசிய எண்ணைக் கேட்டது. போட்டார்.

தவறான எண் என்றது.

கூட்டத்தில் முனகல். மறுபடி போட்டார். மறுபடி தவறு.

எனக்குத் தெரியும், மூன்றாவது தடவையும் தவறினால் அன்றைக்கு முழுவதும் பூட்டிக்கொள்ளும். என் கணவருக்கு ஒரு தடவை ஆகியிருக்கிறது. "நிறுத்துங்கள்," என்று அவர் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்தினேன். "மெதுவாக. ஒரு நிமிஷம் இருங்கள்." அவர் கண்ணை மூடினார். நெற்றியிலிருந்து வேர்வை போன் கண்ணாடியில் சொட்டியது. "ஞாபகம் வரவில்லை," என்றார். ஒரு மாதமாகத் தினமும் பத்துத் தடவை போட்ட எண்.

அந்த அம்மா எழுந்தார். யாரையும் பார்க்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கணவன் பக்கத்தில் நின்றார். அவர் காதில் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

பச்சை டிக். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"முப்பது ரூபா லபிச்சு," முப்பது ரூபாய் கிடைத்தது என்று மலையாளத்தில் சொன்னது பெட்டி.

பேக்கரிக்காரர் தன் போனையும் எடுத்துப் பார்த்தார். "வந்துருச்சுங்க," என்றார். "போங்கப்பா, எல்லாரும் போய் வேலையப் பாருங்க."

கூட்டம் கலைந்த வேகம் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒருவர் கூட மன்னிப்புக் கேட்கவில்லை. பனியன்காரர் திறந்து கிடந்த பையின் ஜிப்பை இழுத்து மூடி, பெஞ்சின்மேல் தூக்கி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். பேக்கரிக்காரர் அந்த அம்மாவைப் பின்னால் தன் வீட்டுக்குள் கூட்டிப் போகத் தன் மனைவியைக் கூப்பிட்டார். கட்டிய காசுக்கு டீயும் போட்டு வைத்தார். அதை யாரும் குடிக்கவில்லை.

கால்மணி நேரம் கழித்துத்தான் போலீஸ்காரர் பைக்கில் வந்தார். "எந்தா பிரஷ்னம்?" என்று மலையாளத்தில் கேட்டார், என்ன பிரச்சினை என்று. நான் ஆதியிலிருந்து சொன்னேன். புகார் கொடுக்கிறார்களா என்று அவர்களிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். இத்தாலிக்காரர் மனைவியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "எங்களுக்கு பஸ் வேண்டும். அது மட்டும்தான்."

துணிப்பையை நீட்டினேன். வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம், வந்த வழியிலேயே அனுப்ப என் கணவருக்குத் தெரியும் என்றேன். அவர் கையை நீட்டினார். "நான் பணம் கொடுத்தேன். இது என்னுடையது," என்று வாங்கிக்கொண்டார். முழு நாளில் அவர் சற்றே குரலை உயர்த்தியது அப்போதுதான்.

நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மெஷின் ஆஃப் ஆகியிருந்தது, நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

"மெஷினைக் கவனிக்கவில்லை, சரி," என்றார். "இவரைப் பார்த்தீர்களே. பக்கத்தில் நின்று அரைமணி நேரம் பேசினீர்களே."

அடுத்த பஸ் வரும்வரை மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஸ் வந்ததும் நான் ஒரு பையைத் தூக்கப் போனேன். அந்த அம்மா தலையை அசைத்து வேண்டாமென்றார். அவர் கணவர் மட்டும் படியேறும் முன் திரும்பிப் பார்த்து, "அந்த வீடியோ போய்விடுமா?" என்று கேட்டார்.

"முயற்சி செய்கிறேன்," என்றேன். போய்விடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, என் முகம் தெரியும்படி ஒரு வீடியோ எடுக்கச் சொன்னேன் என் கணவரிடம். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படி முகத்தைக் காட்டி எதிலும் வந்ததில்லை. "எழுதிப் போட்டாப் போதாதா?" என்று தயங்கினார். எழுதிப் போட்டதை யார் படித்தார்கள் என்று கேட்டேன். எடுத்தார். பெட்டியின் வயரைப் பிடுங்கியது நான், பார்க்காமல் வரவில்லை என்று சொன்னது நான், அந்த இத்தாலிக்காரர் சரியாகப் பணம் கட்டினார், வெளிநாட்டுக்காரர்கள் வாலட்டிலிருந்து கடைக்கு மட்டும்தான் கட்ட முடியும், அதனால் சந்தேகப்படாதீர்கள் என்று சொன்னேன். இரண்டாவது தடவையில்தான் தடுமாறாமல் வந்தது. பக்கத்துக் கடை அண்ணன் அதைக் குரூப்பில் போட்டு, 'வீடியோ போட்டது நான். மன்னிக்கவும்' என்று கீழே தன் பெயரோடு எழுதினார். நான் கேட்டு எழுதவில்லை, அவராகத்தான் எழுதினார். ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். முதல் வீடியோ போன தூரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இது போகவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, தேனியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் நாத்தனாரிடமிருந்து அந்தப் பழைய வீடியோ வந்தது. யாரோ அவளுக்கு அனுப்பியது. 'அண்ணி, உங்க ஊர்ப் பக்கம்தான் போல. கடையில தனியா இருக்கும்போது பாத்து இருங்க' என்று அக்கறையாக எழுதியிருந்தாள். வளையலும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, குரலும் தெரியவில்லை.

கடை திறக்க நேரமாகிவிட்டிருந்தது. என் கணவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, நாத்தனாருக்குப் போன் போட்டேன். அந்தக் குரல் என்னுடையது என்பதில் ஆரம்பித்தேன்.